முப்பத்துநான்காவது இடம்

சுப்ரமணியன் சார் வாரத்தில் ஐந்து நாள் காஸ்டிங் என்னும் செலவுக் கணக்குப் பாடம் எடுப்பார். அப்போது அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை என்.சி.சி. சீருடையை மாட்டிக்கொண்டால் லெஃப்டினன்ட். அன்று அவரைக் கேட்காமல் மைதானத்தில் ஒரு காக்கை இறங்கினாலும் முறைப்பார். வயிறு ஒன்றுதான் கட்டளைக்குப் படியாமல் பெல்ட்டுக்கு வெளியே நின்றது.

அந்தச் சனிக்கிழமை என்.சி.சி.யில் புதிதாகச் சேர முப்பத்துமூன்று பேரைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் ஒரே ஓர் இடம். தாராவி சஃப்ரீனும் செம்பூர் மளிகைக்கடைக்காரர் மகள் மகேஸ்வரியும் ஓட்டத்தில் ஒரே நொடியில் கோட்டைத் தொட்டிருந்தார்கள்.

"பட்டாலியன்ல கறாரா சொல்லிட்டா. முப்பத்துநாலு. அதுக்கு மேல ஒரு தலை கிடையாது," என்றார். "அதனால ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்கோ. நான் விஷ்ராம் சொல்ற வரைக்கும் அசையப்படாது. யார் முதல்ல அசையறாளோ, அவ அவுட்."

பிறகு, கூரைப் புறாக்கள் கலையும்படி ஒரு "சாவ்தான்!"

குதிகால்கள் சேர்ந்தன. மணி ஒன்பது ஐம்பது.

சஃப்ரீனுக்கு இது விளையாட்டல்ல. என்.சி.சி.யின் 'சி' சர்ட்டிஃபிகேட் இருந்தால் போலீஸ் தேர்வில் கூடுதல் மதிப்பெண். அதை வாங்க மூன்று வருடம் ஆகும். படிப்பும் மூன்றே வருடம். இன்று போனால் போனதுதான். வாப்பா மன்சூர் அலி வேறு, பை தைக்கும் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளை இப்போதே சப்-இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் லெஃப்டினன்டின் செல்பேசி அடித்தது. கல்லூரி டிரஸ்டி பின்வாசல் வழியாக வந்துவிட்டாராம். எல்லையில் எதிரி நுழைந்துவிட்டதைப் போல, பிரம்பை அக்குளில் செருகிக்கொண்டு ஓடினார். காலைத் தளர்த்தச் சொல்லும் விஷ்ராமை மட்டும் சொல்லவில்லை.

பத்தரை. பதினொன்று. மழை விட்ட ஆகஸ்ட் வெயில் கழுத்தில் ஊர்ந்தது.

மகேஸ்வரி உதடு அசையாமல் பேசினாள். "ஏட்டி, உன் மூக்குல ஈ."

"இருந்துட்டுப் போட்டும். உன் மூக்குக்கு வரலேன்னு வருத்தமா?"

"கால் வலிச்சா உக்காந்துரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஆமா, பாசம் பொங்குது."

பதினொன்றரைக்கு, கேன்டீன் நடத்தும் செல்லப்பாண்டி காலித் தட்டுகளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்ன பிள்ளைகளா, இன்னுமா நிக்கிய? சாரு மேல டிரஸ்டி கூட ரெண்டாவது பிளேட்டு உப்புமால்லா சாப்பிடுதாரு!"

"அண்ணாச்சி, நாங்க நிக்கோம்னு அவர்ட்ட சொல்லுங்களேன்," என்றாள் சஃப்ரீன்.

"நானா? டிரஸ்டி முன்னால வாயத் தொறந்தா நாளைக்கு கேன்டீனே இருக்காது." போய்விட்டார்.

பன்னிரண்டு கடந்தது. நேரே பார்த்த கண்ணைத் திருப்பக் கூடாது. ஆனாலும் சஃப்ரீனின் பார்வை ஓரத்தில் மகேஸ்வரியின் நிழல் தெரிந்தது. அது ஆடியது.

"மகேசு, ஷூக்குள்ள வெரல ஆட்டு. வெளிய தெரியாது."

"கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"அப்ப உக்காரேன்."

"நீ உக்காரு."

அவள் விழுந்தால் இடம் இவளுக்கு. பத்து எண்ணினால் போதும். சஃப்ரீன் எண்ணத் தொடங்கினாள். மகேஸ்வரிக்கு முன்னால் கொடிக்கம்பத்தின் சிமென்ட் மேடை, கூரான விளிம்போடு. நான்கு. ஐந்து. அவள் தலை அந்த விளிம்பை நோக்கிச் சாய்ந்து திரும்பியது. ஏழு.

"ஸ்குவாட்... விஷ்ராம்!"

குரல் யாருடையது என்று மகேஸ்வரியின் உடம்பு விசாரிக்கவில்லை. இரண்டு பேரின் இடது கால்களும் ஒன்றாக விலகின. மகேஸ்வரி அப்படியே மேடையில் சரிந்து உட்கார்ந்தாள்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். மீசையில் ஒட்டிய ரவையோடு லெஃப்டினன்ட் வந்து நின்றார்.

"யாருடி ஆர்டர் கொடுத்தது?"

"நான், சார்," என்றாள் சஃப்ரீன்.

"உன் ரேங்க் என்ன?"

"ஒண்ணும் இல்ல, சார்."

"அப்போ நீ அவுட். டிசிப்ளின்னா டிசிப்ளின்."

நிராகரிப்புக்கான பட்டாலியன் படிவத்தை எடுத்தார். "ஒன்பது ஐம்பதுக்கு சாவ்தான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. அடுத்த கட்டம் கேட்டது: 'அந்நேரம் பொறுப்பிலிருந்த அதிகாரி எங்கே இருந்தார்?' பேனா நின்றது.

இப்போது மகேஸ்வரி சும்மா இருந்தால் போதும், இடம் அவளுக்குத்தான்.

"சார்," என்றாள் மகேஸ்வரி, தலையைப் பிடித்துக்கொண்டே. "விஷ்ராம் நீங்கதான சொன்னீங்க? மாடியில இருந்து. எனக்கு நல்லாக் கேட்டுச்சே."

அவர் படிவத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

"பின்னே? ஜன்னல்லேர்ந்து சொன்னேன். என் குரலுக்கு மைக் எதுக்கு?"

"அப்ப நாங்க ரெண்டு பேரும் அசையலியே, சார்," என்றாள் சஃப்ரீன்.

படிவம் நான்காக மடிந்தது. சட்டைப்பையிலிருந்து பட்டியல் வெளியே வந்தது. முப்பத்துநான்காவது வரிக்குக் கீழே இன்னொரு வரியும் காலியாக இருந்தது. டிரஸ்டியின் சிபாரிசு வரும் என்று வருடாவருடம் ஓர் இடத்தை ஒளித்துவைப்பது அவர் வழக்கம். இந்த வருடம் டிரஸ்டி உப்புமாவைச் சாப்பிட்டார், கல்யாண் ரயில் கூட்டத்தைத் திட்டினார், யாருக்காகவும் எதையும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

இரண்டு பெயர்களையும் எழுதினார். "பட்டாலியன்ல சண்டை போட்டு வாங்கின இடமாக்கும். ஞாபகம் இருக்கட்டும்."

விறைப்பாகத் திரும்பி நடந்தார். கலைந்துபோக உத்தரவு வரவில்லை. மகேஸ்வரி எழுந்து சஃப்ரீனின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சார்!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "விசர்ஜன் சொல்லிட்டுப் போங்க!"