கல்லுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் உபதேசியார் பிரசங்கம் செய்வார், வியாதிக்காரருக்கு ஜெபிப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். கல்யாணம் மட்டும் நடத்தக் கூடாது. கத்தோலிக்கச் சாமியாருக்கும் இங்கிலீஷ் சபைப் பாதிரி ஐயருக்கும் அவர்கள் குருப்பட்டமே போதும். எங்களைப் போன்ற சின்ன மிஷன்காரருக்கு சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். மிஷன் துரை சிபாரிசு எழுத வேண்டும், வெள்ளைக்கார ரெசிடென்ட் ஆபீஸ் சம்மதிக்க வேண்டும், கெஜட்டில் பேர் வர வேண்டும். சாராயக் கடைக்கும் லைசென்ஸ், ஊழியக்காரருக்கும் லைசென்ஸா என்று நான் கேட்டால் அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்த லைசென்ஸ் முதலில் ஓஸ்வால்டுக்கு அல்லவா வந்தது!

ஓஸ்வால்ட் எங்களுக்குப் பிறகு ஊழியத்துக்கு வந்தவன். துரையோடு இங்கிலீஷில் பேசுவான், அவ்வளவுதான். கெஜட்டில் பேர் வந்ததுமே சபையார் அவன் பெண்டாட்டி மௌரீனை 'ஐயரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பழைய உபதேசியாரம்மாதான். கல்யாண வீடுகளில் அவளுக்கு முன்வரிசை, கேக்கில் முதல் துண்டு, தலை கொள்ளாத மல்லிகை. எனக்கு வயிறு எரிந்தது. அதை வேத வசனம் போட்டு மூடி வைக்க எனக்குத் தெரியாது.

இந்த நிலையில் என் மகள் டோரீனுக்குத் தங்கவயலில் வரன் அமைந்தது. என் பெண்ணுக்கு ஓஸ்வால்டா தாலி எடுத்துக் கொடுப்பான்? துரை பங்களாவுக்கு நடையாய் நடந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! கடைசியில் இவருக்கும் லைசென்ஸ் வந்தது. பார்த்தால், பாதி லைசென்ஸ். இவர் சுற்றியுள்ள கிராமங்களில் ஊழியம் செய்வதால் மகாராஜாவின் மைசூர் சீமைக்கு மட்டும் செல்லுமாம். எங்கள் வீடும் கோவிலும் இருக்கிற பட்டாளத்துக் கண்டோன்மென்ட்டோ இங்கிலீஷ்காரன் ஆளுகை. அங்கே அதிகாரம் ஓஸ்வால்டுக்குத்தான். மீறி நடத்தினால் கல்யாணம் செல்லாமல் போனாலும் போகும்.

"ஓஸ்வால்டே நடத்தட்டுமே. நான் பெத்தவனா பக்கத்துல நிக்கிறேன்" என்றார் இவர்.

"நீங்க நிப்பீங்க. என்னால முடியாது" என்றேன்.

ஜீவனஹள்ளி வெளியில் ஓர் எல்லைக் கல் உண்டு. எங்கள் பக்கம் கண்டோன்மென்ட், அந்தப் பக்கம் மைசூர். அந்தப் பக்கம் பந்தல் போட்டுவிட்டால் ஓஸ்வால்டுக்கு என்ன வேலை? சாமியானா வாடகைக்கு விடும் ஃபாத்திமாவின் வீடு கல்லைத் தாண்டி மைசூர் பக்கத்தில் இருந்தது. நேரே அங்கே போய், "கல்லுக்கு அந்தப் பக்கம் போடும்மா. மறந்துடாத, அந்தப் பக்கம்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. நாங்கள் ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஜட்காவில் போய் இறங்கினோம். எல்லைக் கல் என் கண்ணில் படவில்லை. மௌரீனுக்குக் கடைசி பெஞ்சு போடச் சொல்லியிருந்தேன். அவளும் ஓஸ்வால்டும் முகம் சுளிக்காமல் அங்கே போய் உட்கார்ந்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

பாட்டு முடிந்தது. இவர் புத்தகத்தைத் திறந்தார். அப்போது ஓஸ்வால்ட் எழுந்து முன்னால் வந்தான். கெடுக்க வந்துவிட்டான் என்று எனக்குப் பகீரென்றது. இவர் காதருகே குனிந்து சொன்னாலும் முன்வரிசை முழுக்கக் கேட்டது: "அண்ணா, எல்லைக் கல்லு எங்க பெஞ்சுக்குப் பின்னால புதருக்குள்ள இருக்குது. நாம இன்னும் கண்டோன்மென்ட்லயே நிக்கிறோம்."

நான் ஃபாத்திமாவைப் பார்த்தேன். "என்னைப் பாத்தா எப்படிம்மா? நீங்கதானே அந்தப் பக்கம்னீங்க! எங்க ஊட்லேர்ந்து பாத்தா இதுதானே அந்தப் பக்கம்?" என்றாள் அவள்.

மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். "இந்த இடத்துக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் இங்கயே இருக்காரே. அவரே நடத்தட்டும், பேஜார் பண்ணாதீங்க" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். இவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் புத்தகத்தை மூடி ஓஸ்வால்டிடம் நீட்டினார். ஆயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

ஓஸ்வால்ட் வாங்கவில்லை. "மைசூர் என்ன, மெட்ராஸ்லயா இருக்குது? பெஞ்சுக்குப் பின்னாலதான். எல்லாரும் எழுந்திருங்க" என்று சொல்லி, தானே ஒரு பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

கல்லுக்கு அப்பால் முழுக்கச் சேறு. மௌரீன் செருப்பைக் கழற்றினாள், புதுப் பட்டுப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். டோரீனின் புடவைக் கரையில் சேறு படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவள் பட்டு பாழாயிற்று. என் மகள் புடவையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

திறந்த வெளியில் நின்று இவர் கல்யாணத்தை நடத்தினார். தாலியையும் இவரே எடுத்துக் கொடுத்தார். நான் அழுதேன்.

எல்லாம் முடிந்ததும், தங்கவயலிலிருந்து வந்திருந்த கிழவி ஒருத்தி நேராக மௌரீனிடம் போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மகராசி, நீதானே ஐயரம்மா?" என்றாள்.

"நான் இல்லீங்க" என்று மௌரீன் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினாள். "அதோ நிக்கிறாங்களே, அவங்கதான் ஐயரம்மா."

நான் ஏங்கிக் கிடந்த அந்தப் பேரையும் அவள் கையாலேயே வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எரிந்ததைப் போல என் வயிறு அதற்கு முன்னால் எரிந்ததே இல்லை.