தலைப்பில் வணக்கம் போட்டவள்

கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்தில், காரியம் முடியாத மின்னஞ்சல்கள் அனுப்பியவரின் உருவத்திலேயே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். தலைப்பைப் பார்த்து அறை பிரித்துவிடுவார்கள். 'அவசரம்' என்று தலைப்பிட்டவை மின்விசிறிக்குக் கீழே. 'விடுப்பு' ஜன்னலோரம். தலைப்பே போடாதவை மாடிப்படியில்.

ஓசூர் கிளையில் கணக்குப் பார்க்கும் செண்பகவடிவு தை மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கணவனும் ஐந்து வயதை எட்டும் மகள் உமையாளும் திருநெல்வேலியில். அவளுக்கு அங்கே மாறுதல் வேண்டும். ஆடியும் வந்துவிட்டது, பதிலைக் காணோம். மகள் போனில் 'அம்மா' என்பதை விட்டுவிட்டு 'ஓசூர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கே செண்பகவடிவு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் மின்னஞ்சல் 'வணக்கம்' அறையில் இருந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று தலைப்பில் அதைத்தான் போட்டுத் தொலைத்திருந்தாள். அறையில் கால் வைக்க இடமில்லை. நம் ஆட்களிடம் மரியாதைக்கா பஞ்சம்! எல்லாம் ஒன்றையொன்று கும்பிட்டுக்கொண்டிருந்தன.

"மாறுதல் கேட்டியா?" என்றாள் செண்பகவடிவு.

"எங்க கேக்க? விசயம் மூணாவது பத்தியிலதான இருக்கு. நான் இன்னும் நலம் விசாரிச்சே முடிக்கல" என்றது மின்னஞ்சல்.

பணியாளர் பிரிவு அதிகாரி ஜெயசீலன் தினமும் எட்டிப் பார்த்து, "வணக்கம்" என்பாராம். தலைப்புக்குப் பதில் சொல்லியாயிற்று என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாராம்.

செண்பகவடிவு ஒரு தாளில் 'திருநெல்வேலிக்கு மாறுதல் கோரி' என்று எழுதி, மின்னஞ்சலின் சேலையில் ஊக்கால் குத்தினாள். அவ்வளவுதான். ஜெயசீலன் வந்தார், படித்தார், மாறுதல் உத்தரவை மின்னஞ்சலின் கையில் கொடுத்தார். அது முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பியது.

"சார், அப்ப நான்?" அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கேட்டது அவங்கதானேம்மா. வேணும்னா நீங்க இணைப்பாப் போகலாம்." அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அளவு கூடுது. சுருக்கித்தான் அனுப்பணும்."

"சுருக்குங்க சார். பிள்ளையப் பாத்தாப் போதும்."

கைக்குழந்தை அளவுக்குச் சுருக்கினார், வலிக்கவில்லை. மின்னஞ்சலின் மடியில் உட்கார்ந்தே போனாள். நடத்துனர் அவளுக்கு டிக்கெட் கேட்கவில்லை.

திருநெல்வேலி வீட்டில் உமையாள் "அம்மா" என்று ஓடிவந்து மின்னஞ்சலின் காலைக் கட்டிக்கொண்டாள். செண்பகவடிவு தானே அதுவா, அதுதான் தானா என்று குழம்பினாள். கணவன் சுடலைமுத்து அவளைக் காட்டி, "இது என்ன?" என்றான்.

"இணைப்பு. மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றது மின்னஞ்சல்.

உமையாளுக்கு அதுவரை பொறுமை இல்லை. செண்பகவடிவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்து, காக்கா காட்டி, "ஆ காட்டு" என்றாள்.

செண்பகவடிவு ஆ காட்டினாள்.