பைபையாக வந்த சீர்

அன்னக்கிளியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பந்தல்காரன் அட்வான்ஸ் வாங்கிவிட்டான், மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் வீட்டு அரிசிக்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

வழி தேடும் பொறுப்பு அவள் அண்ணன் முத்துவீரன் தலையில் விழுந்திருந்தது. பகலில் காரைக்குடி செக்காலையில் ஒரு பாத்திரக் கடையில் பில் எழுதுகிறவன்; சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறவன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் சர்க்கார் சம்பந்தப்பட்ட எதுவும் அவனுக்கு விளங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவனைத் தவிர.

மருது மாமாவின் ஊர் திருமயத்துக்குத் தெற்கே. காலையில் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் காரைக்குடிக்கு வந்துவிடலாம். ஆனால் அது திருச்சி ஜில்லா. காரைக்குடி ராமநாதபுரம் ஜில்லா. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி போகக்கூடாது என்று சாலையில் மூங்கிலைக் குறுக்கே போட்டு செக்போஸ்ட் வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் என்பதோ மாமன் வயலில் விளைந்த அரிசியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கி இறக்கினால் அது சீர் இல்லை, வெறும் சாமான். அந்த அரிசி உலையில் விழுந்த பிறகுதான் கல்யாண வீட்டில் மற்றச் சமையல்.

மாமா ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார்: "அரிசியோட வந்தா வருவேன். வெறுங்கைய வீசிக்கிட்டு என் தங்கச்சி வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

மாமா வராவிட்டால் மணமாலையை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அம்மா பொன்னுத்தாயிக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். தேவகோட்டை மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா அடுப்படியில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

முத்துவீரன் முறைப்படிதான் ஆரம்பித்தான். இந்தப் பக்கத்துத் தாலுகா ஆபீஸில், அரிசி எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கேதான் பெர்மிட் தருவார்கள் என்றார்கள். அந்தப் பக்கத்து ஆபீஸில், எங்கே போய்ச் சேருகிறதோ அந்த ஜில்லா முதலில் சம்மதம் எழுதித் தரட்டும் என்றார்கள். திரும்பி வந்து சம்மதம் கேட்டான். கேட்ட குமாஸ்தா சிரித்தார். "தம்பி, ஆட்சி மாறியிருக்கு. இந்தக் கட்டுப்பாட்டையே எடுக்கப் போறதாப் பேச்சு. எடுக்கப் போற கட்டுப்பாட்டுக்கு யாராச்சும் பெர்மிட் எழுதுவாகளா?"

"அப்ப பெர்மிட் இல்லாம கொண்டு போகலாமாங்க?"

"அதெப்படி? இன்னும் எடுக்கலையே."

அது தேர்தல் முடிந்த அறுபத்தேழாம் வருஷம். அரிசியைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டிருந்தார்கள், அரிசியை நினைத்துத்தான் ஜனங்களும் போட்டிருந்தார்கள். டீக்கடையில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. தோற்ற கட்சிக்காரர் செம்மலையும் ஜெயித்த கட்சிக்காரர் பெத்தனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சண்டை போடுவார்கள்.

"எங்காளுக இருந்தப்ப யாரைப் பார்த்தா பெர்மிட்டு கிடைக்கும்னாவது தெரியும்" என்றார் செம்மலை.

"அதுக்குத்தானய்யா உங்களைத் தூக்கி வீசுனோம்" என்றார் பெத்தன். "தம்பி, நீ தைரியமா வண்டியக் கட்டச் சொல்லு. நம்ம ஆட்சி. மூங்கிலையெல்லாம் பிடுங்கப் போறாக. பேப்பர்லயே வந்துருச்சு."

"செக்போஸ்ட்ல ஆர்டர் வரலைங்கிறாகளேண்ணே."

"அவுக பழைய ஆளுக. பேப்பர் படிக்க மாட்டாக."

"அந்தப் பேப்பர்லயே அரிசிய மடிச்சுக் கொண்டு போகச் சொல்லு, விட்டுருவாக" என்றார் செம்மலை. கடை முழுக்கச் சிரித்தது. முத்துவீரனும் சிரித்தான். எதற்குச் சிரித்தோம் என்று வகுப்பில் டைப் அடிக்கும்போது யோசித்தான். ஒரு வரியை இரண்டு தடவை அடித்துவிட்டான்.

கடைசியில் வழியை செக்போஸ்ட் ஆபீசரே சொன்னார். சொந்தச் சாப்பாட்டுக்கு என்று ஆளுக்கு ஒரு சின்னப் பை அரிசி கொண்டு போகலாம், அதற்கு பெர்மிட் வேண்டாம். முத்துவீரன் ஒரு தடவை கேட்டதை நம்பாமல் மறுநாளும் சைக்கிளில் போய்க் கேட்டான். அதே பதில்தான் வந்தது. அதன் பிறகும் முழுசாக நம்பாமல்தான் மாமாவின் ஊருக்குப் போனான்.

ஒரு மூட்டை அரிசியைப் பைகளாகப் பிரிப்பது, உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகச் சுமப்பது, குறைகிற ஒரு ஆளுக்கு முத்துவீரனே ஒரு பையைத் தூக்குவது என்று ஏற்பாடு. யார் அரிசி என்று கேட்டால் "என் அரிசி" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தியையும் நிறுத்திச் சொல்லவைத்துப் பார்த்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டிகள் செக்போஸ்ட்டில் வந்து நின்றன. பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். முத்துவீரன் முதலில் போனான்.

"யார் அரிசி?"

"என் அரிசிங்க."

"போ."

அடுத்தது கருப்பம்மாள், மாமாவுக்குச் சித்தப்பா மகள்.

"யார் அரிசிம்மா?"

கருப்பம்மாள் ஆபீசரைப் பார்த்தாள். பின்னால் நின்ற மருதுவைத் திரும்பிப் பார்த்தாள். "மருதண்ணன் வீட்டுச் சீருங்க. தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போகுது."

"உன் அரிசி இல்லையா?"

"அய்யய்யே! இன்னொருத்தர் சீரை என்னுதுன்னு சொல்லுவேனா? வாய் அவிஞ்சு போயிராது?"

அடுத்து நின்ற மலையம்மாள் கேட்காமலே சொன்னாள்: "இதுவும் மருதண்ணன் சீருதான். எல்லாமே அவுக வயக்காட்டு அரிசிதான். நல்ல அரிசி, பாருங்க." பையின் வாயை வேறு அவிழ்த்துக் காட்டினாள்.

ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப எல்லாம் ஒரு ஆள் அரிசி. பையா மாத்திட்டா மூட்டை இல்லைன்னு ஆயிருமா? பெர்மிட் இல்லாம ஒரு மணி தாண்டக்கூடாது."

முத்துவீரன் மூங்கிலுக்கு அடியில் குனிந்து திரும்பி ஓடிவந்தான். "சின்னம்மா, சொல்லிக் குடுத்தேனே!"

"சொல்லித்தான் குடுத்த, தம்பி. வீட்டுல விளையாட்டாச் சொன்னேன். இங்ஙன வெச்சுச் சொன்னா அது களவுல்ல?"

"வண்டியத் திருப்புங்க" என்றார் ஆபீசர்.

மாமா அசையவில்லை. வீட்டு வாசலைத் தாண்டிய சீர் திரும்ப அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. அங்கிட்டும் போக முடியாது, இங்கிட்டும் போக முடியாது. வண்டிச் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"அவுகவுக கையில இருக்கிறத அவுகவுக எடுத்துக்கங்க. நான் குடுத்துட்டேன். இனி அது உங்க அரிசி."

"அண்ணே!"

"குடுத்துட்டேன்னா குடுத்துட்டேன்தான். எடுத்துக்கிட்டு எங்க வேணும்னாலும் போங்க."

கருப்பம்மாள் மறுபடியும் ஆபீசர் முன்னால் போனாள்.

"யார் அரிசி?"

மருது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் அரிசி" என்றாள். இந்தத் தடவை அது பொய் இல்லை. ஒவ்வொருத்தியும் அப்படியே சொல்லிவிட்டு மூங்கிலைத் தாண்டினாள்.

ஆபீசர் முத்துவீரனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இது சட்டப்படி சரியாய்யா?"

"தெரியலைங்களே."

"எனக்கும் தெரியல. பழைய ஆர்டர்ல இதைப் பத்தி ஒண்ணும் இல்ல. புது ஆர்டர் வரல. சீக்கிரம் போய்ச் சேருங்க."

பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். மாமா அந்தப் பக்கமே நின்றார்.

"வாங்க மாமா."

"எதை எடுத்துக்கிட்டு வர, மாப்ளே? எங்கிட்ட ஒரு மணி இல்ல. நீ போ. உங்கம்மாட்ட உடம்புக்கு முடியலைன்னு சொல்லிரு."

கணக்குப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. அரிசி தாண்டிவிட்டது, மாமா தாண்டவில்லை.

கருப்பம்மாள்தான் விறுவிறுவென்று மூங்கிலுக்கு அடியில் நுழைந்து திரும்பிப் போனாள். "துண்டை விரிங்கண்ணே" என்றாள். தன் பையிலிருந்து பாதியைக் கொட்டினாள். "இது நான் குடுக்கிறது. வாங்கிக்கங்க."

"ஏம்மா" என்று ஆபீசர் கத்தினார், "இங்குட்டிருந்து அங்குட்டு அரிசி கொண்டு போறதுக்கும் பெர்மிட் வேணும்!" கத்திய பிறகு அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

யார் கையிலும் எதுவும் வாங்கிப் பழகாத மாமா, துண்டை முடிச்சுப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாண்டி வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் செக்காலை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சீர் கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று இன்னார் சீர் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்காரி ஆலாத்தி எடுத்து உள்ளே அழைப்பாள். பொன்னுத்தாயி தட்டோடு காத்திருந்தாள். பெண்கள் படியோரம் நின்று முத்துவீரனைப் பார்த்தார்கள். இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லித் தரவில்லை. மருதண்ணன் சீர் என்றால் செக்போஸ்ட்டில் சொன்னது பொய்யாகிவிடும். என் அரிசி என்றால் அண்ணன் சீர் எங்கே என்று அம்மா கேட்பாள். மாமா வரிசையின் கடைசியில், துண்டு முடிச்சைப் பார்த்தபடி நின்றார்.

"என்னடா இது, வாயடைச்சுப் போய் நிக்கிறீக?" என்றாள் பொன்னுத்தாயி. சூடம் கரைந்துகொண்டிருந்தது.

கருப்பம்மாள் தொண்டையைச் செருமினாள். "இது கருப்பம்மா அரிசி. மருதண்ணன் குடுத்தது."

உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. "இது மலையம்மா அரிசி. மருதண்ணன் குடுத்தது." ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் அந்தப் பெயர் வந்தது. ஒரே மூட்டையாக வந்திருந்தால் அந்த வாசலில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருப்பார்கள். மாமா தலை நிமிர்ந்தது. துண்டு முடிச்சைத் தங்கையின் கையில் வைத்தார். அதைத்தான் முதல் உலைக்கு என்று அவள் தனியாக எடுத்து வைத்தாள்.

"மாப்ளே" என்று மாமா முத்துவீரனின் காதருகில் குனிந்தார். "நீ படிச்சவன். இப்ப நான் சீர் குடுத்தேனா, குடுக்கலையா?"

"குடுத்தீக மாமா" என்றான். பிறகு, "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றான்.

வாசலில் அவன் ஒருவன்தான் மிச்சம், கையில் பையோடு. அவன் முறை. "இது முத்துவீரன் அரிசி" என்று ஆரம்பித்தான். சொந்த வீட்டுக்கே சீர் கொண்டு வந்தவனை எந்த முறையில் உள்ளே அழைப்பது என்று தெரியாமல், ஆலாத்தித் தட்டோடு அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.