திருப்பிக் கேட்ட ஐஸ்கிரீம்

வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கலந்த சாதமும் கண்ணாடி வளையலும் கொடுத்தால் போதும். சுரேந்திரனுக்குப் போதவில்லை. பந்தலூரிலிருந்து கூடலூர் வரை பனிக்கூடு ஐஸ்கிரீம் வேனை ஓட்டுகிறவன், தன் பெண்டாட்டியின் வளைகாப்புக்கு வெறும் புளிச்சாதம் கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, பட்டர்ஸ்காட்ச்சில் பெரிய டப்பாக்களாக வாங்கி வந்து, கரடிமேடு எஸ்டேட் மேல் லயத்தில் வீட்டுக்கு ஒன்று என்று வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தான். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளர் வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அன்றைக்கு அந்தக் கூரை முழுக்க சுரேந்திரன் பேச்சாகவே இருந்தது.

ஒரு வாய்கூடச் சாப்பிடாதவள் கீர்த்தனா மட்டும்தான். ஏழாம் மாதம். "பிள்ளத்தாச்சி சில்லுன்னு தின்னா வயித்துப் புள்ளைக்குச் சளி கட்டும்" என்று அவள் அம்மா மருதாயி டப்பாப் பக்கமே விடவில்லை. வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பிறந்த வீடு அதே லயத்தில் நாலு வாசல் தள்ளி இருந்தது. பிரிவுத் துயரம் தாங்க முடியாத சுரேந்திரன் மூன்று வேளையும் அங்கேயே போய்ச் சாப்பிட்டான்.

அந்த வாரம் முடிவதற்குள் கம்பெனியின் தர அதிகாரி ஆஷ்லி போன் செய்தாள். குன்னூர்க்காரப் பெண், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லுகிறவள்.

"சுரேந்திரன், நீங்க எடுத்துட்டுப் போன பட்டர்ஸ்காட்ச் பேட்ச்ல லிஸ்டீரியா இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க. அது ஒரு கிருமி. ஃப்ரீசர்ல வச்சாலும் சாகாது. கடையில இருக்கிறது, வீட்ல இருக்கிறது எல்லாத்தையும் உடனே திருப்பி எடுக்கணும்."

"ஏற்கெனவே சாப்பிட்டவங்க மேடம்?"

"காய்ச்சல், வயித்துப்போக்கு இருந்தா டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. பெரும்பாலும் சரியாயிடும். கர்ப்பமா இருக்கிறவங்க மட்டும் வாயிலயே வைக்கக் கூடாது. அவங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிடும், உள்ள இருக்கிற குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து."

சுரேந்திரன் மருதாயியைத் திட்டாத நாளில்லை. அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பெண்மணியை மனதுக்குள் கும்பிட்டான்.

வேனை நேராகப் பெரட்டுக்களத்துக்கு விட்டான். காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் மைதானம் அது. கொழுந்துக் கூடைகளோடு எல்லோரும் நின்றிருந்த நேரம். வேனில் மைக்கைப் போட்டால் முதலில் கம்பெனிப் பாட்டுத்தான் வரும். அதை நிறுத்த வழியே கிடையாது. பாட்டு வந்தது, குழந்தைகள் சில்லறையோடு ஓடி வந்தார்கள், அதற்கு நடுவே சுரேந்திரன் தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் கேளுங்க! நான் குடுத்த ஐஸ்கிரீமு சரியில்ல! வயித்துக்கு ஆகாது! மிச்சம் வச்சிருக்கிறவங்க திருப்பிக் குடுத்துருங்க! கம்பெனி கேக்குது!"

கூட்டம் அவனை ஒரு தினுசாகப் பார்த்தது. யூனியனில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற தங்கவேலு, கையிலிருந்த தேத்தண்ணி தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சுரேனு, இன்னொருக்கா சொல்லு. என்னா கேக்குது?"

"திருப்பிக் கேக்குது மாமா. கெட்டுப் போச்சாம்."

"ஓகோ" என்றார் தங்கவேலு. அவ்வளவுதான். எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். ஒரு டப்பாகூட வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால், தொழிலாளர்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத்தூளை அளக்கும்போது ஃபேக்டரியில் மூட்டை மாறிவிட்டது. கப்பலேற வேண்டிய தூள் லயத்துக்கு வந்துவிட்டது. மறுநாளே வீட்டு வாசலில் ஜீப் நின்றது. மேனேஜர் இதே பெரட்டுக்களத்தில் நின்று, "அந்தத் தூள் சரியில்ல, வயித்துக்கு ஆகாது, திருப்பிக் குடுத்துருங்க" என்றார். குடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்திருந்தார்கள். காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவர்களுக்குத் தேயிலை என்றால் என்ன ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்த தூசிக்கு யாரும் ஜீப் அனுப்பவில்லை. எஸ்டேட் கடையில் விற்ற புழுத்த மாவுக்கு அனுப்பவில்லை. மழைக்காலத்தில் கொடுத்த நைந்துபோன கம்பளிக்கும் அனுப்பவில்லை. ஆகவே லயத்துச் சனத்துக்கு ஒரு விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்: கெட்டதை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். திருப்பிக் கேட்டால் அது நல்ல சரக்கு, ஆள் மாறி வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் வளைகாப்பு ஐஸ்கிரீமின் மதிப்பு மலையேறிவிட்டது. அரபு நாட்டு ராஜா வீட்டுக்குப் போக வேண்டியது என்றார்கள். குங்குமப்பூ போட்டது என்றார்கள். வயிறு கலங்கிக் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்த சிலரைச் சுரேந்திரன் சாட்சிக்கு இழுத்துப் பார்த்தான். அவர்களே அவன் காலை வாரிவிட்டார்கள். "ஒசந்த சரக்கு தம்பி. நம்ம கொடலுக்குப் பழக்கமில்ல. அதான் தள்ளுது."

இன்னும் மிச்சம் வைத்திருந்தவர்கள் ஒளித்தார்கள். ஃப்ரிட்ஜ் உள்ள வீடு கொஞ்சம். இதுவரை அங்கே கொடுத்து வைத்திருந்தவர்கள் இப்போது அவர்களை நம்பாமல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜாபேஸைப் பிடித்தார்கள். ஜாபேஸுக்கும் ஒரு கிண்ணம் போனதால் தடுப்பூசி மருந்துப் பெட்டியில் மருந்தை ஓரங்கட்டிவிட்டு பட்டர்ஸ்காட்ச்சை வைத்துக்கொண்டார். ஒரு புத்திசாலி சாக்கில் சுற்றித் தேயிலைச் செடிக்கடியில் புதைத்தான். மறுநாள் அந்தச் செடியைச் சுற்றி எறும்பு காவல் நின்றது.

சுரேந்திரனால் முடியவில்லை என்று மறுநாள் ஆஷ்லியே வந்தாள். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, கைக்கு நீல உறை, கூடவே ஐஸ் நிரப்பிய பெரிய பெட்டி. அதைப் பார்த்ததும் லயத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. குப்பையை வாங்க யாராவது கையுறை போட்டுக்கொண்டு வருவார்களா?

இருந்தாலும் வீடு தேடி வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையில்லை. வீட்டுக்கு வீடு சிரித்த முகமாக டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆஷ்லி நெகிழ்ந்துபோய் முதல் டப்பாவைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள். அடுத்ததைத் திறந்தாள்.

"சுரேந்திரன்... இது தோசை மாவு."

"அதுல என்ன மேடம்?"

"மோர். இதுல ஊறுகாய்."

"டப்பாதான கேட்டீங்க?" என்றார் தங்கவேலு. "மாவுக்கு ஏனம் இல்லாமப் போயிரும்னு பாக்காமக் குடுத்திருக்காக. எடுத்துட்டுப் போங்க மேடம்."

ஆஷ்லி கிருமியைப் பற்றிச் சொன்னாள். செல்போனில் படம்கூடக் காட்டினாள். தங்கவேலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்காக" என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். சுரேந்திரனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதே மாவு டப்பாக்களுக்கு நடுவேதான் அவனுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. நல்ல சரக்கு என்று நம்பிவிட்டார்கள். லயத்தில் நல்ல சரக்கு வந்தால் முதல் பங்கு யாருக்குப் போகும்? பலாச்சுளையானாலும் கோழிக் குழம்பானாலும் பிள்ளைத்தாச்சிக்குத்தான் போகும். லயத்தில் இப்போது பிள்ளைத்தாச்சி ஒருத்திதான்.

மாவு டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

மருதாயி வீட்டில் கீர்த்தனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே வரிசையாகத் தம்ளர், கிண்ணம், மூடி போட்ட தூக்கு. லயமே தன் வாயைக் கட்டி, அவளுக்கென்று அனுப்பி வைத்திருந்தது. அவள் கரண்டியில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"கீழ வையி!"

கை நின்றது. ஆனால் இறங்கவில்லை.

"தின்னியா? ஏற்கெனவே தின்னியா?"

"இதான் மொத வாய். ஏன் மாமா இப்புடிக் கத்துறீங்க?"

"சளி கட்டும்னீங்களே அத்த!" என்று மருதாயியிடம் பாய்ந்தான்.

"அது நம்ம ஊரு ஐஸு" என்றாள் மருதாயி. "இது வெளிநாட்டுக்குப் போறதாம்ல. சளி கட்டாது."

"அய்யோ, சத்தியமா கிருமிதான் இருக்கு. எம் புள்ள மேல சத்தியம்!"

"மேனேஜருந்தான் சத்தியம் பண்ணாரு" என்றாள் கீர்த்தனா. அவள் கண் கலங்கிவிட்டது. "அந்த ஒரு தேத்தண்ணிய எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இன்னொரு வாய் கெடைக்கல அவருக்கு. நீங்களும் கம்பெனி ஆளாயிட்டீங்க. எவம் புள்ளைக்கோ எடுத்துட்டுப் போகணும், எம் புள்ளைக்குக் குடுக்க மனசு வல்ல."

கரண்டி மறுபடி மேலே போனது. தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் தட்டிவிட்டால் அடுத்த தம்ளர் பின்வாசல் வழியாக வரும். இவன் வேனுக்குப் போனதும் இன்னொன்று வரும். இத்தனை பேருடைய பிரியத்தை எத்தனை நாள் வாசலில் நின்று மறிப்பது? சுரேந்திரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் அது பாட்டுக்கு ஓடியது.

"சரி, தின்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் போன் வந்துச்சு. திருப்பி வேணாமாம். எஸ்டேட் ஆளுங்களே வச்சுக்கட்டும்னுட்டாங்க."

"நாமளே வச்சுக்கணுமா?"

"ஆமா."

"சும்மாவா?"

"சும்மாதான். நமக்குன்னே குடுத்துட்டாங்க."

கரண்டி உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கீர்த்தனா அதை மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இத எல்லாம் தூக்கிட்டுப் போ. இதுல என்னமோ இருக்கு."

சுரேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மருதாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தம்ளர்களைப் பொறுக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ, "எங்களுக்குன்னு குடுத்துட்டானாம்டி" என்று பதறுவது கேட்டது. அதற்கும் அந்தப் பக்கம் வேறொருத்தி வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பொழுது சாயுமுன் வேன் முன்னால் வரிசை நின்றது. ஜாபேஸ் குளிர்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தே போட்டுவிட்டார். தேயிலைச் செடிக்கடியில் புதைத்தவன் எறும்போடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தான். தங்கவேலு தன் டப்பாவை ஆஷ்லியின் கையில் திணித்து, "நாங்க என்ன இளிச்சவாயனுகளா?" என்று சண்டைக்கே போனார். வயிறு கலங்கியவர்கள் தாமாகவே வேனில் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

ஆஷ்லிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்ன சொல்லிப் புரிய வச்சீங்க சுரேந்திரன்?"

"உண்மையச் சொல்லிப் பாத்தேன் மேடம். வேலைக்கு ஆகல" என்றான். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மனசு கனத்துவிட்டது. சும்மா கொடுத்தது என்ற ஒரு சொல்லில் ஊரே குமட்டுகிறதென்றால், இதுவரை இவர்களுக்கு என்னத்தைக் கொடுத்திருப்பார்கள்? அந்த ஊரில்தான் அவனும் பிறந்து வளர்ந்தான். அன்றைக்கு வரைக்கும் இதை நினைத்துப் பார்த்ததில்லை.

கீர்த்தனாவை டாக்டரிடம் காட்டினார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. கம்பெனிக்கு லயத்துச் சனத்தின் ஒத்துழைப்பு ரொம்பப் பிடித்துப்போய், மறு மாதம் வீட்டுக்கொரு டப்பா இலவசமாக அனுப்பியது. எல்லாப் பரிசோதனையும் முடிந்த புதுச் சரக்கு. லேப் முடிவைச் சுரேந்திரன் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வேனில் ஏற்றினான். லயத்தில் ஒருவரும் வாங்கவில்லை. தங்கவேலு கதவையே சாத்திக்கொண்டார். சுரேந்திரன் எல்லோரையும் கேலி செய்தபடி ஒரு டப்பாவைக் கீர்த்தனா முன்னால் கொண்டுபோய்த் திறந்தான்.

"பாரு, நானே மொதல்ல தின்னு காட்டுறேன்" என்று ஒரு கரண்டி அள்ளினான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். கரண்டி அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. லேப்காரர் முகத்தை நினைத்துக்கொண்டான், ஆஷ்லி முகத்தை நினைத்துக்கொண்டான். ஒன்றும் பலிக்கவில்லை. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. கீர்த்தனாவின் பார்வையைத் தவிர்த்துக்கொண்டு டப்பாவைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பந்தலூருக்குக் கிளம்பினான்.

அன்று காலை அவனே சரக்குப் போட்ட கடைதான். கொல்லையில் கவிழ்த்த அதே பட்டர்ஸ்காட்ச், அதே புதுப் பேட்ச். அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, உருகுவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"வெலைக்கு வாங்குனதா?" என்றாள் கீர்த்தனா.

"வெலைக்குத்தான்."

அவள் வாயைத் திறந்தாள்.