நீலம் கேட்டாள், பச்சை வந்தது

மாமனார் வாங்கிய படகில் பெரிய மருமகளைக் கேட்காமல் ஒரு தேக்கரண்டிகூட இடம் மாறியதில்லை. மெத்தை உறைக்கு என்ன துணி, கேபின் ஜன்னலுக்கு என்ன திரை, டீ பிளாஸ்க் எந்த மூலையில் நிற்கும், லைஃப் ஜாக்கெட்டுகள் எந்தப் பெட்டியில் மடிந்து கிடக்கும், எல்லாவற்றிலும் அவள் வைத்ததுதான் சட்டம். மூக்குக்கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த மாமனார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆற்றின் முகத்துவாரம்வரை போய்வருவார். படகுத்துறையில் கால் வைத்ததும், "கேப்டன் வந்தாச்சா?" என்று அவளைத்தான் தேடுவார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வாரம் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை அடுத்த ஞாயிறுவரை தாங்கும்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்ன மருமகள் வந்தாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. சிரித்த முகம், அளவான பேச்சு. பாத்திரம் கழுவக் கூப்பிடாமலே வந்து நிற்பாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் அவளிடம் இருந்த பெரிய குறை. போதாக்குறைக்கு நீச்சலும் தெரியும். படகு நின்றதும் பின்மேடையிலிருந்து தொப்பென்று குதித்து ஒரு சுற்று நீந்திவிட்டு ஏறுவாள். மாமனார் குழந்தைபோலக் கைதட்டுவார். நீச்சல் தெரியாத பெரியவள் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "துவட்டிக்கோ, சளி பிடிக்கும்" என்பாள். அக்கறையாகச் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

மாமனாருக்கு முட்டிவலி வந்தபின் படகுப் பயணம் குறைந்தது. சாயங்காலங்களில் துறையிலேயே கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து காற்று வாங்குவார். ஒருநாள் எதிர்வரிசையில் ஒரு படகு தண்ணீருக்கடியில் விளக்குப் போட்டு ஜொலிப்பதைப் பார்த்துவிட்டார். ஆசை பிடித்துக்கொண்டது.

"நம்ம படகுக்கும் போடலாமாம்மா?" என்றார்.

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள், அவர் கேட்டது தன்னை இல்லை. முகம் சின்னவள் பக்கம் திரும்பியிருந்தது.

"நீதான் படிச்ச பொண்ணு. வயரு, வோல்ட்டுனு உனக்குத்தான் புரியும். நீயே பார்த்துச் சொல்லு."

பெரியவளும் படித்தவள்தான். மருந்தாளுநர் படிப்பு என்ன சும்மாவா? திறந்த வாயை டீ குடிப்பதற்காகத் திறந்ததுபோல் மூடிக்கொண்டாள். டீ ஆறிப்போயிருந்தது.

அண்ணன் தம்பி, இரண்டு மருமகள்கள் என்று நாலு பேருமாகக் கடைக்குப் போனார்கள். படகுச் சாமான்கள் விற்கும் கடை. உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. சின்னவள் கடைக்காரரைக் கேள்விகளால் துளைத்தாள். படகின் அடிப்பக்கத்தில் பெரிய ஓட்டை போட்டு மாட்டுகிற ரகமா, மேலேயே திருகுகிற ரகமா? உப்புத்தண்ணீருக்கு எந்த உலோகம் தாங்கும்? பேட்டரி எவ்வளவு இழுக்கும்? கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டார்.

"மேல திருகுறதே போதும் மேடம். சின்னத் துளைதான், ஒழுகுற பயம் கம்மி. தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் கீழ மாட்டணும். புரொப்பல்லர் பக்கத்துல வேண்டாம், நுரையில வெளிச்சம் கெட்டுடும். முக்கியமா ஒண்ணு, தண்ணிக்கு வெளிய இருக்கறப்போ போட்டுப் பார்க்காதீங்க. தண்ணிதான் அதைக் குளிர வைக்குது, இல்லன்னா சூடேறிக் கருகிடும். சரி, உங்க தண்ணி தெளிவா, கலங்கலா?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்!" என்றான் பெரியவளின் கணவன். சொந்தத் தண்ணீரை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

"அப்போ நீலம் எடுங்க."

நீலத் தொட்டி அழகாகத்தான் இருந்தது. சின்னவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். பக்கத்துத் தொட்டியில் பச்சை. கொழுந்தன் அதைப் பார்த்து, "பாசி பிடிச்ச மீன்தொட்டி மாதிரி இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீலம் முடிவானது. "உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?" என்று சின்னவள் கேட்டாள். முடிவெடுத்த பிறகு கேட்கிறாள் பார் என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்போ புது கேப்டன் கிடைச்சாச்சு!" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். பெரியவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மருந்தகத்தில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. டோக்கன் எண்களைக் கூப்பிடும் குரலுக்கு நடுவே, அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிக் கடைக்குப் போன் போட்டாள்.

"நேத்து நாலு பேர் வந்தோமே, நீல விளக்குச் சொல்லிட்டுப் போனோமே. அதைப் பச்சையா மாத்திடுங்க."

"ஓ, அதுவும் நல்லதுதான் மேடம். கலங்கின தண்ணியா இருந்தா…"

"சரி சரி, மாத்திடுங்க" என்று வைத்துவிட்டாள். பாசி பிடித்த தொட்டிபோல எரியட்டும். எல்லாரும் முகத்தைச் சுளிக்கட்டும். படித்த பெண்ணின் தேர்வு என்று அப்போது பார்த்துக்கொள்ளட்டும். அடுத்து வந்த கிழவருக்கு மருந்துச் சீட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் மாத்திரை கொடுத்தாள்.

படகைக் கரையேற்றி விளக்குகளை மாட்டினார் மெக்கானிக். தண்ணீருக்கு வெளியே எரியவிடக் கூடாது என்பதால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அணைந்திருக்கும்போது எல்லா விளக்குக்கும் ஒரே வெள்ளை முகம்தான். பெரியவளின் ரகசியம் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று குடும்பமே துறையில் கூடியது. பொழுது சாய்ந்து, எதிர்க்கரை மங்கி, தண்ணீர் கறுத்தது. மாமனார் தன் கையாலேயே ஸ்விட்சைத் தட்டினார்.

படகுக்கடியிலிருந்து பச்சை எழுந்தது. அங்கே தொட்டித் தண்ணீர் இல்லை. மண் கரைத்து ஓடும் ஆற்றுத் தண்ணீர். அந்தக் கலங்கலுக்குள் பச்சை நுழைந்து, நுழைந்து, பக்கத்துப் படகின் அடிவரைக்கும் போனது. வண்டல் துகள்கள் ஒவ்வொன்றும் பொடிப்பொடியாக மின்னின. சற்று நேரத்தில் பொடிமீன்கள் கூட்டமாக வந்து வெளிச்சத்துக்குள் வட்டமடிக்கத் தொடங்கின. அவற்றைத் துரத்திக்கொண்டு கையளவு மீன் ஒன்று சர்ரென்று பாய்ந்தது. எதிர்ப்படகுக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களுடைய நீல விளக்கு மூன்று முழத்துக்கு மேல் போகாமல் மங்கிக் கிடந்தது.

மாமனார் சின்னவளின் தலையில் கைவைத்தார். "கடையில நீலம்னு சொல்லிட்டு, எங்களுக்குத் தெரியாம பச்சையைப் போட்டு அசத்திட்டியேம்மா!"

சின்னவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. வாயைத் திறந்தாள், மூடினாள், சிரித்து வைத்தாள். பெரியவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். குழி வெட்டப் போய்க் கோபுரம் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்றிருந்தது. நான்தான் மாற்றினேன் என்று கத்தலாம். ஏன் மாற்றினாய் என்று கேட்டால்?

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. மாமனார் போனில் உறவுக்காரர் ஒருவரையும் விடவில்லை. சின்ன மருமகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெரியவள் அடுக்களையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

சனிக்கிழமை சின்னவள் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் நீலம்தான் சொன்னேன். கடையில தப்பா அனுப்பிட்டாங்க. மாமா அவ்ளோ சந்தோஷப்பட்டதும் எனக்குச் சொல்ல வாய் வரல. நெஞ்சுக்குள்ள உறுத்துது."

பெரியவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "சரி, விடு" என்றாள். உள்ளே ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் படகில் எல்லாரும் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் ஆயிரத்தோராவது முறையாக ஆரம்பித்தார். "ஆனாலும் அந்தப் பச்சை…"

"அது கடைக்காரர் தப்பா அனுப்பினதாம் மாமா" என்றாள் பெரியவள், பேச்சுவாக்கில் சொல்வதுபோல. "இவளே சொன்னா. இவ கேட்டது நீலம்தானாம்."

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. பெரியவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமா மாமா" என்றாள் மெதுவாக.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பா வந்ததைத் திருப்பி அனுப்பாம வச்சிருக்காளே, அதுதான் சாமர்த்தியம்!" கொழுந்தனுக்கும் குஷி கிளம்பிவிட்டது. "அந்தக் கடைக்காரருக்கு ஒரு நன்றி சொல்லியே ஆகணும்" என்று அங்கேயே போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், நீலத்துக்குப் பதிலா பச்சை அனுப்பிட்டீங்களே!"

"நான் தப்பா அனுப்பலையே சார்" என்றது போன். "உங்க வீட்டு மேடம்தான் போன் பண்ணிப் பச்சையா மாத்தச் சொன்னாங்க. ஏதோ ஆஸ்பத்திரியில இருந்து பேசின மாதிரி இருந்துச்சு, பின்னாடி டோக்கன் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. இப்போ உடம்பு தேவலையா அவங்களுக்கு?"

பெரியவளின் கணவன் அவளைப் பார்த்தான். கொழுந்தன் போனைப் பார்த்தான். பெரியவளுக்குக் காதுமடல் சுட்டது. தண்ணீரில் குதித்துவிடலாம் என்றால் நீச்சலும் தெரியாது.

"அட, ஆமா!" என்றாள் சின்னவள். "நான்தான் அக்காவை மாத்தச் சொன்னேன். ஆபீஸ் வேலையில மண்டை காஞ்சுது, சுத்தமா மறந்தே போயிட்டேன். அக்காவும் மறந்துட்டாங்க."

ஒருவரும் நம்பவில்லை. நம்பியதுபோல எல்லாரும் டீயைக் குடித்தார்கள். மாமனார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பெரியவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மீனுக்குப் பிடிச்சிருக்கு. அது போதும்" என்று பேச்சை முடித்தார்.

அதன்பிறகு இரண்டு மருமகள்களும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்கு. விளக்குகள் மங்கத் தொடங்கியபோதுதான் தனியாகச் சேர்ந்து நிற்க வேண்டிவந்தது. கண்ணாடிமேல் வழுவழுவென்று அழுக்குப் படிந்திருந்தது. யாராவது தண்ணீரில் இறங்கித் தேய்க்க வேண்டும். அந்த வேலைக்குச் சின்னவள்தான். மேலே நின்று அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்க, வேறு ஆளில்லாததால், பெரியவள்.

சின்னவள் ஏணியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள் பெரியவள்.

"பின்ன? மாமா முன்னாடி உங்களை நிக்க வச்சுக் கேள்வி கேக்கச் சொல்றீங்களா?" சின்னவள் நீச்சல் கண்ணாடியைத் தண்ணீரில் அலசினாள். "எனக்குக் கோபமில்லைன்னு நினைச்சுக்காதீங்க. ரொம்பக் கோபம். உங்களை நம்பித்தானே வந்து சொன்னேன்."

பெரியவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"தப்புதான். எனக்கு உன்மேல பொறாமை. நீ வந்த நாள்லேருந்து."

"தெரியும்க்கா. எனக்குந்தான் உங்கமேல. இந்த வீட்டுல ஒரு ஊசி வேணும்னாலும் உங்களைத்தான் கூப்பிடுறாங்க. என் புருஷன் உட்பட. என்கிட்ட கேட்டது இந்த ஒரு விளக்கு. அதையும் நீங்க மாத்திட்டீங்க."

பெரியவளுக்கு இது புதுச் செய்தி. "மெத்துனு இருக்கற பிரஷ்ஷை எடுத்துக்கோ. அதால தேய்ச்சா கீறல் விழாது" என்றாள்.

"கொடுங்க."

சின்னவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படகுக்கடியில் மறைந்தாள். கயிறு லேசாக இழுபட்டது. எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறாள் பார் என்று பெரியவள் நினைத்தாள். அதற்கும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது. குனிந்து தண்ணீரையே பார்த்தபடி, அவள் மேலே வரும்வரை கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.