ஃபைனல் நடக்கும் தெரு

ஐஸ் பெட்டியின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டார்கள். மோட்டார் சத்தம் நின்ற பிறகுதான், காலையிலிருந்து அது இரைந்துகொண்டே இருந்தது மீனுவுக்கு உறைத்தது. எழுந்து, ஒயர் போன வழியே வாசல் வரைக்கும் போனாள். சுவிட்ச் போர்டுக்குக் கீழே குந்தியிருந்த மைக்செட்காரர் தன்னுடைய ஒயரைச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீக?"

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், உள்ளே பெட்டியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வருசா வருசம் இங்கனதானத்தா கரண்டு எடுப்போம். கைப்பழக்கத்துல புடுங்கிப்புட்டேன்."

அவசரமாகப் பெட்டியின் பிளக்கைத் திரும்பச் செருகினார். மோட்டார் முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவர் மட்டும் போகாமல் நின்றார்.

"பெட்டி பாட்டுக்கு ஓடட்டும். கீழ இருக்க பாயிண்ட்ல ஸ்டேஜுக்கு மட்டும் ஒரு லைன் எடுத்துக்கிறவா?"

மீனு பதில் சொல்லவில்லை. இந்தத் தெருவில் பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். அவர் எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் இருந்த முத்துராமன், உயிரோடு இருந்திருந்தால், தானே டார்ச் அடித்து பாயிண்டைக் காட்டியிருப்பார். விடியற்காலையில் வாலிபால் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்தவர், வேர்த்துக் கொட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியூர் டீம்களுக்குச் சமைக்க ஆள் பார்ப்பதற்காக தேவகோட்டையிலிருந்து வந்திருந்த மகள் மீனு, கொல்லையிலிருந்து விசிறியை எடுத்து வருவதற்குள் போய்விட்டார். கோடு என்னவோ நேராகத்தான் போட்டிருந்தார்.

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். காரைக்குடியின் கடைசியில், கோவிலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த இந்தத் தெருவில் அவர் கிளப் ஆரம்பித்தபோது விளக்கே கிடையாது. முதல் டோர்னமென்ட்டுக்கு ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, மைக்கை வாங்கி, "தெருவுக்கு லைட்டு வேணும்யா" என்று கேட்டார். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது. லைட்டு வந்தது. அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் தார் ரோடு. மனுக் கொடுத்து மனுக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்தவர் கண்டுபிடித்த வழி அது. ஆளைக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டவைத்துக் கேட்பது. கூட்டம் சேர வாலிபால்.

இந்த வருடம் கேட்க வேண்டியது சாக்கடை வாய்க்கால். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். போன கார்த்திகையில் கீழக்கோடி வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அதனால் இன்றைய ஃபைனலுக்கு அமைச்சரையே பிடித்திருந்தார்கள்.

மத்தியானம் கிளப் தலைவர் நாச்சியப்பனும் செயலாளர் அழகுசுந்தரமும் வந்தார்கள். நாச்சியப்பன் இரும்புக்கடை வைத்திருப்பவர், முத்துராமனுக்கு முப்பது வருடச் சிநேகிதர். பெட்டியின் கண்ணாடியில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நிஜமான அழுகைதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டி மேல் கிளப் கொடியைப் போர்த்திவிட்டு, மீனுவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தா மீனு, தம்பி எப்ப வாறான்?"

"மூணு மணிக்குத் திருச்சியில எறங்குறான் மாமா. இங்க வந்துசேர அஞ்சு, அஞ்சரை ஆயிரும்."

"மினிஸ்டர் அஞ்சுக்கு வாராரு."

"வரட்டும் மாமா. அப்பாவுக்கு ஒரு மாலையப் போடட்டும்."

நாச்சியப்பன் அழகுசுந்தரத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அதான்த்தா இடிக்கிது. அவரு வந்து மாலையப் போட்டு, ஒன்னயக் கும்புட்டுட்டு, அஞ்சு நிமிசத்துல கார்ல ஏறிருவாரு. துட்டி வீட்டுக்கு வந்த மனுசன்கிட்ட வாய்க்கா கேக்க முடியுமா? மைக்கு போடக் கூடாது, கொட்டு அடிக்கக் கூடாது, ஆட்டம் நடக்கக் கூடாது. கூட்டம் இல்லாம என்னத்தக் கேக்குறது?"

"அப்ப ஒருநா தள்ளி வைங்க."

"அவரு அடுத்த தேதி குடுக்கிறதுக்குள்ள எம் பேரன் ரிட்டயர் ஆயிருவான். மூணு மணிக்கு எடுத்துட்டோம்னா தெருவக் கழுவிவிட்டு நாலரைக்கு ரெடி பண்ணிரலாம். ஒங்கப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நீயே நெனச்சுப் பாரு."

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் மீனுவுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"தம்பி அஞ்சு வருசமா வரல மாமா. எதுக்கு வரலன்னு ஒங்களுக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். இதே ஃபைனலில், இதே கூட்டத்துக்கு முன்னால், நாலு சர்வீஸை வரிசையாக வலையில் அடித்த மகனை முத்துராமன் கோர்ட்டைவிட்டு வெளியே வரச்சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் படு" என்றார். அது மைக்கில் விழுந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. கார்த்திகேயன் வீட்டுக்கும் போகவில்லை, படுக்கவுமில்லை. ஒரு மாதத்தில் சிங்கப்பூர் போனவன்தான். அப்பனும் பேசவில்லை, மகனும் பேசவில்லை. இன்று காலை போனில், "நான் வந்து மொகத்தப் பாத்துர்றேன்க்கா, அதுவரைக்கும் வச்சிரு" என்று சின்னப் பிள்ளையாகக் கேவினான். வைத்திருக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

"கொள்ளி யாரு வைப்பா?" என்றாள்.

"கேப்டன் குமரப்பன் வைக்கிறேங்கறான். கெளப்பு பயலுக எல்லாருக்கும் அவருதான அப்பா" என்றார் நாச்சியப்பன்.

அழகுசுந்தரம் முதல்முறையாக வாயைத் திறந்தான். "மொட்டை மட்டும் வேணாம்க்கா. மினிஸ்டரோட போட்டோ எடுப்பாக. பேருக்கு ரெண்டு முடி கத்தரிச்சுக்கிருவான்."

"அப்ப நானே வைக்கிறேன்."

"பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வாறதா?" என்று அழகுசுந்தரம் பதறினான். "தெருவுல ஒத்துக்கிருவாகளாக்கா?"

அந்தக் காலத்தில், பெண்பிள்ளை டவுசர் போட்டு ஆடலாமா என்று தெருவே கூடிக் கத்தியபோது, முத்துராமன் அவளைக் கையைப் பிடித்துக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அழகுசுந்தரம் அப்போது பந்துக்குப் பயந்து கண்ணை மூடுகிற பயல். பந்தை ஏந்தக் கற்றுக்கொடுத்தவள் மீனுதான். அதை இப்போது சொல்லிக்காட்ட அவளுக்குச் சீ என்றிருந்தது.

அவள் தூண் ஓரமாகப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் அலறல் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். முத்துராமனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியவளும் அவள்தான். இவளாவது நமக்காகப் பேசுவாள் என்று மீனு நம்பினாள்.

"அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க. ஒரு ரெண்டு மணி நேரம். எந் தம்பி மொகத்தப் பாத்துரட்டும்."

பொன்னுத்தாயி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எடுக்கச் சொல்லு."

"அத்தை!"

"எம் மகளும் திருப்பூர்ல இருந்து வந்துக்கிட்டுத்தான இருந்தா? நாலு வருசம் முந்தி, இதே ஃபைனல் அன்னைக்குத்தான எங்க வீட்டுக்காரரு போனாக? மத்தியானமே எடுத்தாச்சு. எம் மக வந்து சாம்பலத்தான் பாத்தா. ஒங்கப்பா எங் கையப் புடிச்சுக்கிட்டு, தெருவுக்காகத்தான்த்தான்னு அழுதாரு. அன்னைக்கு அவரு சொன்ன வார்த்தை அம்புட்டும் எனக்கு மனப்பாடம். சொல்லவா?"

மோட்டார் இரைந்தது.

"ரோடு வந்துச்சுல்ல" என்றாள் பொன்னுத்தாயி. "அந்த ரோட்டுலதான் நானும் நடக்கேன்."

குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் மீனு சண்டையாவது போட்டிருப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா எதிர்வீட்டுக்கு மட்டும் ஏன் புடவை எடுத்துக் கொடுத்தார், அந்தப் புடவைகளை இவள் ஏன் ஒருநாளும் உடுத்தவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா மேல் வந்த ஆத்திரத்தை, செத்துக் கிடப்பவர் மேல் எப்படிக் காட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள். நாச்சியப்பன் அவள் தலையில் கை வைத்து, "தெரு ஒன்னய மறக்காதுத்தா" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கிளப் காரியம் என்றால் பையன்கள் சுறுசுறுப்புதான். குளிப்பாட்டினார்கள், தூக்கினார்கள். பாடையைத் தூக்கியவர்கள் ஜெர்சியிலேயே இருந்தார்கள். முன்னால் ஏழாம் நம்பரும் இரண்டாம் நம்பரும், பின்னால் ஒன்பதும் பத்தும். குமரப்பன் தீச்சட்டியை ஏந்தி, படம் எடுக்கிறவனுக்காக ஒரு தடவை நின்று போனான். பாடை தெருமுனையைத் தாண்டவும் லாரித் தண்ணீரைப் பீய்ச்சித் தெருவில் கிடந்த பூவையெல்லாம் அடித்துத் தள்ளினார்கள். ஐஸ் பெட்டி போனதும் அந்தப் பாயிண்டையும் மைக்செட்காரர் எடுத்துக்கொண்டார்.

மீனு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டைக் கழுவிவிட்டபோது போன் அடித்தது.

"அக்கா, டாக்சி புடிச்சிட்டேன். திருமயம் தாண்டிட்டேன். எடுக்க விட்றாதக்கா."

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊருணியில் முங்கி எழுந்த ஜெர்சிகள் ஈரத்தோடேயே கோர்ட்டில் இறங்கிப் பந்தைத் தட்ட ஆரம்பித்திருந்தன.

"பாத்து வாடா" என்றாள்.

"அப்பா மொகம் எப்படிக்கா இருக்கு?"

"தூங்குற மாதிரி இருக்குடா."

போனை வைத்த பிறகு, சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். திரும்பக் கூப்பிட விரல் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

அமைச்சர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்து உட்கார்ந்த மேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தெரு நிறைய ஜனம். கொட்டு நின்றது. அழகுசுந்தரம் மைக்கைப் பிடித்தான். நமது கிளப்பின் நிறுவனர் முத்துராமன் அவர்களுக்கு அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொண்டான். பிள்ளைகள் உட்பட எல்லோரும் எழுந்தார்கள். பொன்னுத்தாயியும் எழுந்தாள். தெரு கப்பென்று அடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனையில் டாக்சி வந்து நின்றது. கார்த்திகேயன் இறங்கினான். இளைத்திருந்தான். கையில் பெரிய ரோஜா மாலை இருந்தது. அப்பாவின் பெயர் ஸ்பீக்கரில் கேட்டிருக்க வேண்டும். தெரு முழுக்கத் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தான். எடுக்கவில்லை, எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டான். இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே வேகமாக நடந்தான். ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பாதித் தெருவில் அக்காவைப் பார்த்தான். அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால், சொட்டச் சொட்டக் கழுவிவிட்ட கூடத்தைப் பார்த்தான். கால் நின்றுவிட்டது.

விசில் ஊதினார்கள். ஜனம் உட்கார்ந்தது, கொட்டு எழுந்தது. கமிட்டி பேட்ஜ் குத்திய ஒருவர், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர், கார்த்திகேயனின் பக்கத்தில் ஓடிவந்தார்.

"லேட்டா கொண்டு வாரீகளே! மினிஸ்டருக்குத்தான? இங்குட்டுக் குடுங்க."

அவர் மாலையை வாங்கிக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினார். பெரிய மாலை. அமைச்சர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். ஜனம் கைதட்டியது. நாச்சியப்பன் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்க்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கார்த்திகேயன், மாலையை ஏந்திய அகலத்திலேயே இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஈரத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தான். பின்னாலிருந்து யாரோ, "தம்பி, மறைக்குது, கொஞ்சம் உக்காருப்பா" என்றார்கள்.

அவன் உட்கார்ந்தான்.