வெளிச்சம் வராதபோது அழுத்திய பொத்தான்

கிடங்கில் அவனுக்குப் பருந்து என்று பெயர். பத்து வரிசை தள்ளியிருக்கும் பெட்டியின் சீட்டைக்கூடக் கண்ணைச் சுருக்காமல் படிப்பான். பத்தொன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியதில் ஒரு பெட்டியும் நசுங்கியதில்லை. போன வாரம் லோடுமேனின் கணுக்கால் நசுங்கியது.

லோடுமேன் இடது பக்கமிருந்து கை காட்டிவிட்டுத்தான் குறுக்கே வந்தான். அவன் விழுந்து அலறியதும் பருந்து இறங்கிவந்து முதலில் கேட்டது, "கண்ண எங்கடா வச்சுட்டு வந்த?"

"கை காட்டினேனே மச்சான்..."

"காட்டியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?" பருந்து ஓடிவந்த சூப்பர்வைசரிடம் திரும்பினான். "பாஞ்சு வந்தான் சார்."

பருந்து சொன்னபின் சூப்பர்வைசருக்கு வேறு சாட்சி எதற்கு? லோடுமேனின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. கட்டுப்போட்ட காலோடு வந்து வேலையை இழந்துவிட்டுப் போக வேண்டியதுதான். வண்டி ஓட்டியவனிடம் ஒரே ஒரு கண் பரிசோதனைச் சீட்டு கேட்டார்கள். சும்மா ஒரு சடங்குக்கு.

அக்காவும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள். அவளுக்குக் கண்ணழுத்த நோய், நாலு வருஷமாகச் சொட்டு மருந்து விடுகிறாள். கண்டுபிடித்த அன்றே தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவங்களும் கட்டாயம் பாக்கணுமாம்டா. வலிக்கவே வலிக்காதாம், சத்தமில்லாம தின்னுடுமாம்." ஒரு மாதம் நச்சரித்தாள். "பாத்துட்டேன்க்கா, ஒண்ணுமில்லயாம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஒரு வருஷமாகக் கதவு நிலையில் தோள் இடித்தபோதும் வீட்டில் ஸ்டூலை நகர்த்தியவர்களைத்தான் திட்டினான்.

எழுத்து அட்டையில் கடைசி வரியை மடமடவென்று ஒப்பித்தான். "கீழ பொடியா அச்சடிச்சவன் பேரு இருக்கே, அதையும் படிக்கவாம்மா?"

சோதனை செய்யும் பெண் சிரித்தாள். "போதும்ணா. அடுத்த மெஷினுக்கு வாங்க."

வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைக்கச் சொன்னாள். "நடுப்புள்ளியையே பாருங்க. ஓரத்துல எங்க வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்துங்க."

வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்தான். நாலைந்து மின்னின. பிறகு ஒன்றுமில்லை. கருவி மட்டும் கிர்ரென்று முனகிக்கொண்டிருந்தது. வந்திருக்க வேண்டியது வரவில்லை என்று புரிந்தது. முனகலைக் கணக்கு வைத்து அழுத்த ஆரம்பித்தான். வண்டிக்காரனுக்குச் சத்தம் பழக்கம்தானே.

அவள் கருவியை நிறுத்தினாள். "இன்னொரு தடவை எடுக்கணும்ணா."

"ஏன், நல்லாத்தானே அழுத்தினேன்?"

"நடுநடுவுல மெஷின் வெளிச்சமே காட்டாது, வெறும் சத்தம்தான் போடும். அப்பவும் அழுத்தியிருக்கீங்க." அக்கா காதில் விழாதபடி தணிந்துதான் சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது.

இரண்டாம் முறை பொத்தான் கையில் சும்மா கிடந்தது.

டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கண்ணிலும் நடுவில் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு. இடது பக்கம் முழுக்க மை கொட்டியதுபோல் இருந்தது. "எழுத்து படிக்கற நடுப்பார்வை கடைசியாத்தான் போகும். போனது திரும்பாது. மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம். இதுக்கு முன்னாடி எப்பப் பாத்தீங்க?"

அக்கா முந்திக்கொண்டாள். "நாலு வருஷம் முன்னாடி டாக்டர். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

"எங்க பாத்தீங்க? அந்த ரிப்போர்ட் இருந்தா கொண்டாங்க."

பருந்து தரையைப் பார்த்தான். "போகலக்கா."

அவள் திட்டவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அவனுக்காவது இல்லையேன்னு நாலு வருஷம் நிம்மதியா தூங்கினேன்" என்று டாக்டரிடம் சொன்னாள், அவனிடம் அல்ல.

வெளியே வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். "அறிக்கைய மாத்துங்க சார். அவன் கை காட்டியிருக்கான். எனக்குத்தான் கண்ணு தெரியல."

"பருந்துக்கா? விளையாடாதப்பா. வண்டிச் சாவிய வாங்கிடுவாங்க."

"வாங்கட்டும் சார். காகிதத்தோட வரேன்."

அடுத்து லோடுமேன். வெகுநேரம் மணியடித்தபின் எடுத்தான்.

"சொல்லு," என்றான். மச்சான் என்று கூப்பிடவில்லை.

பருந்து வாயைத் திறந்தபோது இடது முழங்கையை யாரோ பற்ற, திடுக்கிட்டான். அக்காதான். அத்தனை நேரமும் அங்கேயே நின்றிருக்கிறாள்.